வீட்டிற்கு எத்தனை நட்சத்திரம்?

குளிர்பதனப் பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இன்று முதலில் பார்ப்பது அதன் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைத்தான். ஐந்து நட்சத்திரம் என்றால் மின்சாரம் குறைவாகச் செலவாகும். ஒன்று என்றால் அதிகம். நம் நாட்டில் இந்த முத்திரை 2006-ஆம் ஆண்டில் வந்தது. 2023 ஜனவரி முதல் கூரையில் தொங்கும் மின்விசிறிக்கும் அது கட்டாயமாகிவிட்டது. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கே இவ்வளவு ஆராய்ச்சி செய்கிற நாம், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் கொட்டி வாங்குகிற வீட்டிற்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல முடியுமா? முடியும். அப்படி ஒரு சான்றிதழ் உலகில் இருக்கிறது; இந்தியாவிலும் இருக்கிறது. ஆனால் அது எதை அளக்கிறது என்பதில்தான் சிக்கல். அந்தச் சிக்கலைக் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்றை வைத்துப் பார்ப்பது எளிது. அதற்கு முன் சான்றிதழின் பிறப்பைச் சற்றுக் காண்போம்.

அது பிறந்தது குளிர் நாட்டில். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தபோது மிகவும் தவித்துப்போன நாடுகளுள் ஒன்று டென்மார்க். அதன் எரிசக்தித் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்தார்கள். காரை நிறுத்திவிடலாம், வீட்டை வெப்பமூட்டும் அடுப்பை நிறுத்த முடியுமா? பனிக்காலத்தில் அது உயிர்ப் பிரச்சினை. எனவே, வெப்பம் வீட்டை விட்டுக் கசியாமல் பார்த்துக்கொள்வதில் அந்நாட்டார் முனைந்தனர். கட்டட விதிகள் இறுகின. 1980-களில், வீடு விற்கும்போது அதன் வெப்ப நிலையைச் சோதித்து அறிக்கை தரும் முறை வந்தது. 1997-இல் கட்டடங்களுக்கு முறையான எரிசக்தி முத்திரைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் இவ்வழியைப் பின்பற்ற, 2002 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் ஓர் ஆணை பிறப்பித்தது: வீடோ அலுவலகமோ, கட்டும்போதும் விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் எரிசக்திச் சான்றிதழ் காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 2007 ஆகஸ்டில், நான்கும் அதற்கு மேலும் படுக்கையறைகள் கொண்ட வீடுகளிலிருந்து இது தொடங்கியது. 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு தரங்கள். 2018 ஏப்ரல் முதல், கடைசி இரண்டு தரங்களில் உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கே அங்கே தடை வந்துவிட்டது. காகிதத்தில் இருந்த எழுத்து, வாடகைப் பணத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டில் எரிபொருட் செலவும் வீட்டின் தரமும் ஏறக்குறைய ஒன்றே. அங்கே யாரும் உறைபனியில் அடுப்பில்லாமல் உட்கார்ந்திருப்பதில்லை. சுவர் ஓட்டையாக இருந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். இறுக்கமாக இருந்தால் குறையும். ஆகவே, ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஓர் ஆண்டில் எத்தனை யூனிட் என்ற அளவுகோல், வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறது. இந்த அளவுகோல்தான் கப்பலேறி நம் நாட்டிற்கு வந்தது.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன்படி 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2007-இல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வெளியாயிற்று. இதற்கிடையே தனியார் அமைப்புகளின் பசுமைச் சான்றிதழ்களும் புகுந்தன. ஐதராபாத்தில் சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003-இல் அமெரிக்க லீட் முறையின் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. அமெரிக்காவிற்கு வெளியே அத்தரத்தைப் பெற்ற முதல் கட்டடம் அது. சென்னையில் ஓமந்தூரார் தோட்டத்தில் 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட சட்டமன்ற வளாகம் பசுமைக் கட்டடம் என்றே பெரிதாகப் பேசப்பட்டது. 2014 முதல் அதே கட்டடம் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. சட்டமன்றத்திற்கென்று போட்ட கணக்கு மருத்துவமனைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. வரைபடத்தைப் பார்த்துத் தரும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அது.

வரைபடத்தை விட்டு, மீட்டரையே பார்த்துத் தரம் சொல்லும் முறையை எரிசக்தித் திறன் பணியகம் 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆண்டில் செலவான மொத்த யூனிட்டுகளைக் கட்டடத்தின் பரப்பால் வகுக்க வேண்டும். சென்னை, காஞ்சிபுரம் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், பாதிக்கு மேல் குளிர்சாதனம் பொருத்திய அலுவலகம் என்றால், சதுர மீட்டருக்கு 200 யூனிட்டிலிருந்து 175 வரை ஒரு நட்சத்திரம். 100-க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். பாதிக்குக் குறைவாகவே குளிர்சாதனம் என்றால், 85-இலிருந்து 75 வரை ஒன்று. 45-க்குக் கீழே ஐந்து. முதல் அட்டவணை இவ்வாறு அமைந்தது.

கண்ணாடிச் சுவர்களைச் சுற்றிலும் எழுப்பி, உள்ளே வரும் வெயிலைக் குளிர்சாதன இயந்திரத்தால் விரட்டும் அலுவலகங்களுக்கு இது நல்ல கடிவாளம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதே அளவுகோலை ஒரு பேச்சுக்குக் காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் வைத்துப் பாருங்கள்.

தெருவை ஒட்டித் திண்ணை, பிறகு நடை, தறி போட்ட கூடம், முற்றம், பின்னால் சமையற்கட்டு என நீளவாக்கில் ஓடும் வீடு. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். அகலம் 5 மீட்டர், நீளம் 12 மீட்டர் என்று கொண்டால் பரப்பு 60 சதுர மீட்டர். தறிக்கூடத்தில் ஒரு விசிறி, சில விளக்குகள், ஒரு தொலைக்காட்சி, ஒரு குளிர்பதனப் பெட்டி. இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் என்றால் ஆண்டிற்கு 1,200. (கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 முதல் இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் வரை தமிழ்நாட்டில் இலவசம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.) 1,200-ஐ 60-ஆல் வகுத்தால் 20. ஐந்து நட்சத்திர எல்லையான 45-இல் பாதி கூட இல்லை! அந்த வீட்டிற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தாக வேண்டும்.

சித்திரை வைகாசியில், பிற்பகல் 3 மணிக்கு அந்தத் தறிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் இதைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? உடம்பெல்லாம் வியர்வை வழிய, பட்டில் கறை படாதபடி துண்டால் கையைத் துடைத்துத் துடைத்து நாடா வீசுகிறவர் அவர். குளிரை மனிதன் தாங்க மாட்டான், அடுப்பை மூட்டிவிடுவான். வெயிலைத் தாங்கிக்கொள்கிறான். தாங்கிக்கொள்ளும் வெப்பம் மீட்டரில் ஏறுவதில்லை.

சரி, மீட்டரை மறந்துவிட்டு வீட்டையே அளப்போம். பக்கச் சுவர்கள் இரண்டும் பொதுச் சுவர்கள் என்பதால் அவற்றில் வெயில் படாது. முன்னும் பின்னும் குறுகிய முகப்புகள். ஆக, இத்தகைய வீட்டிற்குள் வெப்பம் நுழையும் பெரிய வாசல் கூரைதான். காஞ்சிபுரம் வடக்கு அட்சரேகை 12 டிகிரி 50 கலையில் இருக்கிறது. எனவே ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், மீண்டும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. அப்போது சமதளக் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 900 வாட் சூரிய ஆற்றல் விழும். வெளிக் காற்று 38 டிகிரி செல்சியஸ். பழுத்துக் கறுத்த சிமெண்டுத் தளம் விழுந்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். காற்றிற்கும் வானத்திற்கும் இழப்பது போக, வெளிக் காற்றே சுமார் 57 டிகிரியில் இருந்தால் கூரை எப்படிச் சூடாகுமோ அப்படிச் சூடாகிறது என்று கணக்கிடலாம்.

இனி அந்த வெப்பம் கீழே இறங்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையின் இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் கடந்து செல்கிறது என்பதை 'யூ' மதிப்பு என்பார்கள். வெப்பக் கடத்தலுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. அவருடைய நூல் 1822-இல் வெளிவந்தது. அவர் வகுத்த வழியிலேயே பார்த்தால், 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு ஏறத்தாழ 3.5. உள்ளே 32 டிகிரி என்றால் வேறுபாடு 25 டிகிரி. 25-ஐ 3.5-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 88 வாட். 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர் கூரைக்கு ஏறக்குறைய 2,450 வாட். அறைக்குள் இரண்டரை இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றித் தலைக்கு மேல் தொங்கவிட்டதற்குச் சமம்! வெப்பநிலை மாறாதிருப்பதாகக் கொண்ட தோராயக் கணக்கு இது. உண்மையில் கான்கிரீட் முதலில் தானே சூடேறி, மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் வெப்பத்தைக் கீழே விடும். உச்சி வெயில் பிற்பகலில் உள்ளே வந்து, விளக்கு வைத்த பிறகும் விடாமல் தகிப்பது இதனால்தான்.

பழைய வீடுகளில் என்ன இருந்தது? மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்'. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்த சுண்ணாம்பு அது. அதன் யூ மதிப்பு ஏறக்குறைய 2. பழைமையெல்லாம் அற்புதம் என்று பேசுகிறவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அது குறைவு அன்று. ஆனால் கனம் அதிகம். நண்பகல் வெப்பம் கீழே வந்து சேர ஆறு ஏழு மணி நேரம் ஆகும். அதற்குள் தறி நின்றுவிடும்; ஆட்கள் திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ போய்விடுவார்கள். ஓட்டு வீட்டில் ஓடு மெல்லியது, கணக்கில் தோற்றுப்போகும். ஆனால் ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறி வெளியேறிவிடும். அந்த வசதி யூ மதிப்பில் தெரியாது. எல்லாவற்றையும் விடப் பெரிய வியப்பு கீற்றுக் கூரைதான். 10 சென்டிமீட்டர் கனமாக வேய்ந்த கூரையின் யூ மதிப்பு 0.6 அளவே. தீப்பிடிக்கும், மழைக்கு ஒழுகும், ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். இருந்தும் வெயிலைத் தடுப்பதில் கான்கிரீட்டை விட ஐந்தாறு மடங்கு மேல்.

தறிக்கு வேறொரு தேவையும் உண்டு. காஞ்சித் தறி பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிக்கிறார். குழியின் ஈரக்கசிவு பாவு இழைக்கு நல்லது என்பது தொழிலில் நெடுநாளைய அனுபவம். அறிவியலும் அதையே சொல்கிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் உலர் எடையில் சுமார் 11 சதவிகிதம் நீரை ஈர்த்து வைத்திருக்கும். அது வற்றினால் இழை முறுக்கேறி அறும். ஆகவே, காற்றை உலர்த்திவிடும் குளிர்சாதனப் பெட்டியைத் தறிக்கூடத்தில் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பதில் அர்த்தமில்லை. (ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறித் தறி நிற்பது இதன் மறுபக்கம்.) கூரை வழி வரும் வெப்பத்தைத் தடுப்பதும், காற்று ஓடவிடுவதுமே நெசவாளருக்கு உள்ள வழி.

இந்த உண்மைகள் நம் அறிவியலாருக்குத் தெரியாதவை அல்ல. சான்றிதழ் என்ற பேச்சே எழாத காலத்தில், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்தியக் கூரைகளையும் சுவர்களையும் அளந்துகொண்டிருந்தது. கட்டடங்களின் வெப்பக் காப்புக்கான இந்தியத் தரநிர்ணயம் 1978-இல் திருத்திய பதிப்பாகவே வந்துவிட்டது. 1986-இல் அந்நிலையத்தைச் சேர்ந்த எம்.ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் 'வெப்பமண்டலக் கோடைக் குறியெண்' ஒன்றை வெளியிட்டனர். காற்றின் ஈரம், சுற்றிலுமிருந்து வீசும் வெப்பக் கதிர், காற்றின் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து, இந்தியர்களையே உட்காரவைத்துக் கேட்டு உருவாக்கிய அளவு அது. அதன்படி நமக்கு இதமானது 25-இலிருந்து 30 டிகிரி வரை. விசிறிக் காற்று எத்தனை டிகிரிக்குச் சமம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. மீட்டர் அளக்காததை, அதாவது உள்ளே இருப்பவர் படும் பாட்டை, அளக்கும் கருவி நம்மிடமே இருந்தது. நட்சத்திரம் வழங்கியபோது அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் 2018 டிசம்பர் 14-இல், தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளன்று, வீடுகளுக்கென வெளியான 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பில் அளவுகோல் மாறிவிட்டது. இதன் முதற் பகுதி மின்கட்டணத்தைப் பார்ப்பதே இல்லை. வீட்டின் உடலைப் பார்க்கிறது. குளிர்ப் பகுதிகள் நீங்கலாக, சுவரும் சன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரி 15 வாட்டுக்கு மிகக் கூடாது. கூரையின் யூ மதிப்பு 1.2-க்கு மிகக் கூடாது. நம்மைப் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவு ஆகியவற்றின் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இந்தக் கண்ணால் நம் தறிவீட்டைப் பாருங்கள். சுவர்த் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். பொதுச் சுவர்களின் புண்ணியம். கூரைத் தேர்வில் படுதோல்வி: வரம்பு 1.2, கான்கிரீட் 3.5. காற்றுத் தேர்வில், 60 சதுர மீட்டருக்கு 10 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். 5 மீட்டர் முகப்புள்ள வீட்டிற்கு முற்றம் இல்லாமல் இது மிகக் கடினம். பழைய வீட்டை இடித்து மாடி எழுப்பும்போது முதலில் மூடப்படுவது அந்த முற்றம்தானே? மீட்டர்க் கணக்கில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய அதே வீடு, இங்கே இரண்டு பாடங்களில் தவறிவிடுகிறது. நெசவாளர் சொல்வதும் இரண்டாவது தீர்ப்பைத்தான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. யூ மதிப்பு என்பது கடத்தலை மட்டும் குறிப்பது. தளத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மேலே போட்ட அதே கணக்கில் 2,450 வாட் சுமார் 1,270 வாட்டாகக் குறையும். ஒரு நாள் வேலை, சில நூறு ரூபாய்ச் சுண்ணாம்பு! ஆனால் யூ மதிப்பு அணுவளவும் மாறாது, 1.2 என்ற வரம்பைத் தாண்ட அது உதவாது. மொட்டைமாடியில் கீற்றுப் பந்தல் போட்டாலும் அதே கதைதான்.

அதைவிடப் பெரிய குறை, இந்த விதித்தொகுப்பின் எல்லை. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே அது பொருந்தும். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டுக் குடியிருப்புகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் 100 கிலோவாட் மின்சுமையுள்ள கட்டடம் என்பது அடிப்படை வரம்பு. மாநிலங்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். தறிவீட்டின் சுமை இரண்டு கிலோவாட்டைத் தொட்டாலே அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் சட்டத்திற்குள் வரும். நாளெல்லாம் வீட்டிலேயே வேலை செய்கிறவரின் வீடு வராது.

சிறிய வீடுகளைக் கட்டுவது பெரும்பாலும் அரசே என்பதால் இது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற எண்ணியது. தீயிலிருந்தும் ஒழுகலிலிருந்தும் ஏழைகளைக் காக்கும் நோக்கம் பழுதற்றது. 2011-12-இல் வந்த முதலமைச்சரின் சூரியசக்திப் பசுமை வீடுகள் திட்டம் ஆண்டிற்கு 60,000 வீடுகளை, ஒவ்வொன்றும் 300 சதுர அடியில், 1.80 இலட்சம் ரூபாயில் கட்டியது. ஐந்து சூரியசக்தி விளக்குகள் உண்டு. அதனால் பெயர் பசுமை வீடு. மேலே போட்டது கான்கிரீட் தளம். அதாவது, அதே வெயிலை ஒரு தகட்டில் பிடித்து விளக்கெரித்தோம். மிச்சத்தைக் கூரை வழியே உள்ளே விட்டோம். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030-க்குள் 8 இலட்சம் வீடுகளை நோக்கமாகக் கொண்டது. வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை.

யூ மதிப்பை 3.5-இலிருந்து 1.2-க்குக் கொண்டுவர என்ன வேண்டும்? நல்ல வெப்பத்தடைப் பலகை என்றால் 2 சென்டிமீட்டரே போதும். அதைத் தளத்தின்மேல் விரித்துத் தட்டோடு பதித்தால், 28 சதுர மீட்டரில் இறங்கும் 2,450 வாட் 840 வாட்டாகக் குறையும். மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையில் சுண்ணாம்புக் கலவை நிரப்பும் பழைய முறையும் உண்டு. உள்ளே அடைபட்ட காற்று தடையாக நிற்கும். அதன் யூ மதிப்பு சட்டியின் அளவையும் இடைவெளியையும் பொறுத்தது. அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அளப்பது பெரிய காரியமன்று. விரும்பும் மாணவர்கள் வருகிற மே மாதத்தில் செய்து பார்க்கலாம். ஒரே தெருவில் கான்கிரீட், ஓடு, மெட்ராஸ் டெரஸ் என்று மூன்று வீடுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். கூரையின் அடிப்புறத்தில் வெப்பமானியின் குமிழைத் தொடும்படி வைத்து, அதன்மேல் பஞ்சு வைத்துக் காகித நாடாவால் ஒட்டுங்கள். காலை 9 மணி, நண்பகல், பிற்பகல் 3 மணி, மாலை 6 மணி, இரவு 9 மணி என ஐந்து முறை குறித்துக்கொண்டு, மூன்று கூரைகளையும் ஒரே வரைபடத்தாளில் வரையுங்கள். தூக்கம் வருகிறதென்று இரவு 9 மணி அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள். தறியை விட்டெழுந்தவர் அந்தக் கூரையின் கீழ்ப் பாய் விரிக்கும் நேரம் அது.